மாசம் 1,45,000 வருமானம், கார்டு கடன் 5,40,000: ஒரு வருஷத்துல அடைக்க முடியுமா?

நாகமலைவாசி:
வணக்கம். நானும் மனைவியும் வேலைக்குப் போறோம். நான் வடபழஞ்சியில ஐடி, அவங்க அரசு உதவிபெறும் பள்ளியில ஆசிரியை. பிடித்தமெல்லாம் போக ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் 1,45,000 கைக்கு வருது. அப்படியும் மூணு கிரெடிட் கார்டுல சேர்ந்து 5,40,000 நிக்குது. முதல் கார்டுல 2,90,000, மாச வட்டி 3.75 சதவீதம். ரெண்டாவதுல 1,85,000, 3.5 சதவீதம். மூணாவதுல 65,000, 3.6 சதவீதம்.

வீட்டு மரவேலையும் கிரகப்பிரவேசமும் ஒரு பக்கம், அதே வருஷம் அப்பாவுக்கு பைபாஸ் ஒரு பக்கம். காப்பீடு போக மீதியைக் கார்டுலதான் தேய்ச்சோம்.

மாசச் செலவு இப்படி: வீட்டுக்கடன் 32,000, கார் 11,500, பிள்ளைங்க பள்ளிக் கட்டணம் மாசத்துக்குப் பிரிச்சா 12,000, வீட்டுச் செலவு 30,000, அப்பா அம்மாவுக்கு 8,000, பெட்ரோல் 7,000, சீட்டு 10,000, மியூச்சுவல் ஃபண்டு எஸ்ஐபி 10,000. ஆக 1,20,500. கார்டுக்கு மாசம் 30,000 கட்டுறோம். துண்டு விழுறது மறுபடியும் கார்டுலதான் ஏறுது. ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிட்டோம். கணக்குத் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

கூடல்நகர் கணக்கர்:
முதல்ல வட்டியைப் பார்த்துருவோம். முதல் கார்டு 10,875, ரெண்டாவது 6,475, மூணாவது 2,340. கூட்டினா 19,690. கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியா உண்டு, அது 3,544. ஆக மாசம் 23,234 ரூபாய் வட்டிக்கே போகுது. நீங்க கட்டுற 30,000-ல அசலுக்குச் சேர்றது 6,766 மட்டும். அதுக்கு மேல துண்டு விழுற 5,500-ஐ அதே கார்டுல செலவு பண்றீங்க. அதாவது அத்தனையும் கட்டி, மாசம் ஆயிரத்து சொச்சம்தான் குறையுது.

இன்னைக்கே கார்டை மடக்கி வச்சுட்டு மாசம் 30,000 மட்டும் கட்டிட்டு வந்தாலும் முடிய ஏறக்குறைய மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள வட்டியும் வரியும் சேர்ந்து 5,20,000 போயிரும். அசல் அளவுக்கு வட்டி. உங்க வருமானத்துல குறையே இல்லை. இந்த வட்டியில வச்சுக்கிட்டு அடைக்கப் பார்க்கறதுதான் சிக்கல். கடனை முதல்ல அந்த வட்டியை விட்டு வெளிய கொண்டு வரணும்.

உசிலைக்காரன்:
ஜிஎஸ்டியோட சேர்த்தா 3.75 வட்டி ஏறக்குறைய நாலரை வட்டி ஆகுதுல்ல? எங்க ஊர்ப்பக்கம் யாராவது மூணு வட்டிக்கு வாங்கிருக்கான்னு கேட்டாலே வீட்டுப் பெரியவங்க பதறிருவாங்க. 30 சதவீதத்துக்கு மேல கார்டு வட்டி வாங்கக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிருக்குன்னு படிச்சேன். அதை வச்சு வங்கியில எழுதிக் கேட்கலாமே அண்ணே?

இன்னொரு யோசனை. பிள்ளைகளுக்குக் காதுகுத்து வச்சாச்சா? இத்தனை வருஷமா மத்தவங்க விசேஷத்துக்கு நீங்க செஞ்ச செய்முறையெல்லாம், அதாவது மொய்ப்பணம், திரும்ப வருமே. ரெண்டு மூணு லட்சம் சுளையா கிடைக்கும்.

ஆனையூர் அக்கா:
தம்பி, காதுகுத்து யோசனை மட்டும் வேண்டாம். மண்டபம், பந்தி, ஃபிளெக்ஸ், தாய்மாமனுக்கு எதிர்மரியாதைன்னு முதல்ல கையிலிருந்து போட்டாகணும். அந்தக் காசுக்கு எங்க போவாங்க, மறுபடி கார்டுதானே? அப்புறம் வந்த செய்முறை ஒவ்வொண்ணும் நோட்டுல எழுதின கடன். அடுத்த வருஷமே ஆவணியில நாலு வீடு, தையில ஆறு வீடுன்னு திருப்பிச் செய்யணும். ஒரு கடனை அடைக்க நூறு வீட்டுக்குக் கடன்காரராகக் கூடாது. பிள்ளைக்கு எப்போ செய்யணுமோ அப்போ சந்தோஷமாச் செய்யட்டும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
கோர்ட் விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. அதை நம்பிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் மாதம் 23,000 போய்க்கொண்டேதான் இருக்கும்.

நாகமலைத் தம்பிக்கு. நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சீட்டு. எத்தனை மாதச் சீட்டு, எத்தனை தவணை கட்டியிருக்கிறீர்கள், பதிவு செய்த கம்பெனியா? அடுத்தது எஸ்ஐபி. ஃபண்டு ஆண்டுக்கு 12 கொடுக்கும், 15 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும், கார்டு வரியோடு சேர்த்து ஆண்டுக்கு 50 சதவீதத்துக்கு மேல் எடுக்கிறது. இந்தக் கடன் தீரும்வரை அந்த 10,000-க்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது. நிறுத்திவையுங்கள். மொத்தமாகச் சேர்ந்திருக்கும் ஃபண்டு எவ்வளவு என்றும் சொல்லுங்கள். வைப்புநிதி ஏதாவது போட்டிருந்தால் அதையும்.

நாகமலைவாசி:
சார், சீட்டு 2,00,000. இருபது மாசம், பதிவு பண்ணின கம்பெனி. பன்னிரண்டு தவணை கட்டியாச்சு, இன்னும் எடுக்கலை. பொண்ணு காலேஜுக்குன்னு கடைசி வரைக்கும் விட்டுவைக்க நினைச்சோம். ஃபண்டு ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்தான், 40,000 இருக்கும், அதை அவசரத்துக்குன்னு வச்சிருக்கோம். வைப்புநிதி இல்லை. நகை இருக்கு. ஆனா அதைப் பற்றி வீட்டுல பேச எனக்குத் தயக்கமா இருக்கு.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
சீட்டை இந்த மாதமே எடுங்கள். பாதிக்கு மேல் போன சீட்டில் தள்ளுபடி அதிகம் போகாது. 1,80,000 கைக்கு வந்தால்கூட, 20,000 விட்டுக்கொடுத்தது கார்டு வட்டியில் இரண்டரை மாதத்தில் திரும்பிவிடும். (1,80,000-க்கு மாத வட்டி வரியோடு ஏறக்குறைய 8,000, பார்த்துக்கொள்ளுங்கள்.) எடுத்த பிறகு மீதி எட்டுத் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள். சம்பளக்காரர் ஜாமீன் என்றால் சுலபம். உங்கள் மனைவியோடு பணிபுரியும் ஆசிரியர் யாராவது கையெழுத்துப் போட்டால் போதும்.

மீதி 3,60,000. அதற்குத் தங்கம்தான் என் பதில். வங்கியில் நகைக்கடன் 9.5 சதவீதம் என்று வைத்தால் முதல் மாத வட்டி 2,850. இதே தொகைக்குக் கார்டில் 15,500 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு மட்டும்தான் உண்டு.

வருமானம் 1,45,000. எஸ்ஐபி நின்றால் செலவு 1,10,500, சீட்டுத் தவணை அதற்குள்ளேயே வருகிறது. மீதி 34,500. செய்முறை, மருந்து, வண்டி ரிப்பேர் என்று 4,500 ஒதுக்கிவிட்டு மாதம் 30,000 நகைக்கடனில் கட்டுங்கள். எட்டாவது மாதம் சீட்டு முடிந்ததும் அந்தப் பத்தாயிரத்தையும் சேர்த்து 40,000. பன்னிரண்டாவது மாதம் 19,000 கட்டினால் நகை வீட்டுக்கு வந்துவிடும். ஆண்டு முழுக்கச் சேர்த்த வட்டி 19,000 சொச்சம். இன்று கார்டுகளுக்கு ஒரே மாதத்தில் போவதைவிட அது குறைவு. நானே இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நகை வைக்கும் முன் கிளையில் ஒன்று கேளுங்கள்: இடையில் எப்போது வேண்டுமானாலும் அசலில் கட்டலாமா, கட்டிய அன்றிலிருந்து வட்டி குறையுமா? சில திட்டங்களில் ஆண்டுக் கடைசியில் மொத்தமாகத் திருப்புவதுதான் முறை. உங்களுக்கு அது ஆகாது.

மேலூர் ரோடு:
சார் மேல மரியாதை உண்டு, ஆனா நகைக்கடன்ல எனக்கு உடன்பாடில்லை. எங்க சொந்தத்துலயே பார்த்திருக்கேன். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறது, மறு வருஷம் இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கிறது, கடைசியில ஏல நோட்டீஸ். கட்டாயம் இல்லாத கடனை மனுஷன் தள்ளிப் போடத்தான் செய்வான். பர்சனல் லோன் எடுத்தா சம்பளம் வந்ததும் தானா பிடிச்சுருவான். 3,60,000-த்தை 13 சதவீதத்துல ரெண்டு வருஷத்துக்கு எடுத்தா மாசத் தவணை 17,100-தான் வரும். ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம், வீட்டு நகை வீட்டுல இருக்கும்.

கூடல்நகர் கணக்கர்:
அந்த ரெண்டு வருஷத்துல வட்டி ஏறக்குறைய 50,800. நகைக்கடனுக்கு 19,000. வித்தியாசம் 31,000-க்கு மேல. தவிர பர்சனல் லோனுக்கு எடுக்கும்போதே பரிசீலனைக் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி. முன்கூட்டி அடைச்சாக் கட்டணம் உண்டான்னும் பார்க்கணும். இன்னொரு ஆபத்து, தவணை 17,100-தானேன்னு மீதி 13,000 எங்கேயாவது கரைஞ்சுரும். ரெண்டு சம்பளம் வர்ற வீட்டுல அடைக்கிற காலத்தை நீட்டக் கூடாது, சுருக்கணும்.

ஆனா மேலூர் ரோடு சொன்ன கட்டாயம் முக்கியமான விஷயம்தான். அதுக்கு வழி இருக்கு: சம்பளம் வர்ற தேதிக்கு மறுநாள் நகைக்கடன் கணக்குக்கு 30,000 தானா மாறுற மாதிரி வங்கியில நிலையான உத்தரவு கொடுத்து வச்சுரலாம்.

கார்டு கம்பெனியே போன் போட்டு, மொத்தத்தையும் இஎம்ஐயா மாத்தித் தர்றோம்னு கேட்பாங்க. மாசம் 1.2 சதவீதம்னு சொன்னா, அது குறையுற அசலுக்கா இல்லை முதல் தொகைக்கே கடைசி வரைக்குமான்னு கேளுங்க. அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. நகையும் இல்லை, கடனும் கிடைக்கலைங்கிறவங்களுக்கு அது பரவாயில்லை. இவருக்குத் தேவையில்லை.

திருநகர் டீச்சர்:
உங்கள் மனைவி ஆசிரியை என்பதால் இதைச் சொல்கிறேன். ஆசிரியர்களுக்கான கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் அவர் உறுப்பினராக இருக்கலாம், விசாரியுங்கள். அங்கே கடன் வாங்கினால் சம்பளத்திலேயே பிடித்தம் செய்துவிடுவார்கள். மேலூர் ரோடு கேட்கும் கட்டாயமும் கிடைக்கும், வட்டியும் கார்டுக்குப் பக்கத்தில்கூட வராது. நகையில் பாதி, சங்கத்தில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆனையூர் அக்கா:
எல்லாரும் வட்டியைப் பற்றிப் பேசுறீங்க. நகையைப் பற்றி நான் பேசறேன்.

தம்பி, உங்களுக்குத் தயக்கம் இருக்கறது நல்லதுதான். அந்த நகை அவங்க அம்மா வீட்டுல போட்டது. அவங்க அப்பா தெற்காவணி மூல வீதியில கடை கடையா ஏறி இறங்கி, கூலி சேதாரம் பேசி வாங்கினதா இருக்கும். அதனால கணக்கை முடிச்சுட்டுப் போய் "நகையைக் கொடு"ன்னு கேட்காதீங்க. இந்த 23,234-ஐ ஒரு தாள்ல எழுதி அவங்க முன்னாடி வைங்க. இது மாசாமாசம் போகுது, என்ன பண்ணலாம்னு கேளுங்க. டீச்சர் அவங்க, கணக்கு அவங்களுக்கே தெரியும். முடிவு அவங்க வாயிலிருந்து வரணும். மாட்டேன்னு சொன்னா அதுவும் சரியான பதில்தான், அப்போ சங்கக் கடன், பர்சனல் லோன்னு போங்க, கொஞ்சம் கூட வட்டி போகட்டும்.

சம்மதிச்சா, கடன் அவங்க பேர்ல இருக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து வங்கிக்குப் போங்க. ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடை எழுதின சீட்டை அவங்க கையில கொடுங்க. தாலிக்கொடியைத் தொடாதீங்க. அடிக்கடி போடாத ஆரம், பழைய வளையல்னு அவங்களே எடுத்துக் கொடுப்பாங்க. கல் பதிச்ச நகைக்குக் கல் எடையைக் கழிச்சுருவாங்க, அதனால சாதா நகையா இருந்தா நல்லது. ஊர்ல விசேஷத்துக்கு நகையில்லாமப் போனா நாலு பேர் கேட்பாங்களேன்னு அவங்களுக்கு இருக்கும். அந்த பாரம் முழுக்கப் பொம்பளை தலையிலதான் விழும். அதை நீங்க முன்கூட்டியே பேசி, உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. அவங்களைச் சொல்ல வைக்காதீங்க.

நாகமலைவாசி:
அக்கா, நீங்க எழுதினதை அப்படியே அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் அந்த வட்டித் தாளை வாங்கி அவங்களே ஒரு தடவை கூட்டிப் பார்த்தாங்க. "இந்த மாசம் கட்டறதுக்குள்ள போயிரலாம்"னு சொல்லிட்டாங்க.

விளக்குத்தூண் வியாபாரி:
நல்ல முடிவு தம்பி. நான் ஜவுளிக்கடை வச்சிருக்கேன், தினமும் கல்லாவுல பார்க்கறதைச் சொல்றேன். முன்னெல்லாம் கார்டை எடுத்துத் தேய்க்க ஒரு யோசனை இருந்துச்சு. இப்போ ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோட சேர்த்து வச்சிருக்காங்க, 2022-ல இருந்து அதுக்கு அனுமதி. டீக்கடை, பரோட்டாக் கடை, மாட்டுத்தாவணி பழக்கடை எல்லாம் ஒரே ஸ்கேன். போறது சேமிப்புக் கணக்கா, கார்டான்னு கட்டுறவருக்கே தெரியறதில்லை. போன்ல அந்த இணைப்பை முதல்ல எடுத்து விடுங்க. ஆன்லைன் கடைகள்ல சேமிச்சு வச்சிருக்கற கார்டு எண்ணையும் அழிச்சுருங்க. சித்திரைத் திருவிழா, தீபாவளித் துணி எல்லாம் அந்த 4,500 ஒதுக்கினதுல சேர்த்து வச்சு, ரொக்கமாக் கொண்டு வாங்க. ரொக்கத்தோட வர்றவங்க நின்னு விலை கேட்டு வாங்குறாங்க.

கூடல்நகர் கணக்கர்:
பலருக்குத் தெரியாத ஒண்ணு. கார்டுல பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்னாலும், புதுசா வாங்குறதுக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாத காலம் கிடையாது. வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஓடும். இன்னைக்குப் பால் வாங்கினா இன்னையிலிருந்து வட்டி. ஏடிஎம்ல கார்டை வச்சுப் பணம் எடுத்தா, பாக்கி இல்லாட்டியும் அன்னையிலிருந்தே வட்டி, கட்டணம் வேற.

அதனால சீட்டுப் பணம் நகைக்கடனுக்கு முன்னாடி வந்தா, 65,000 கார்டை முழுசா முடிச்சுருங்க. அதிக வட்டி உள்ள 3.75 கார்டுலதான் முதல்ல கட்டணும்னு சொல்வாங்க. 65,000-க்கு அந்த வித்தியாசம் மாசம் நூத்திச் சொச்சம்தான். ஒரு கார்டு சுத்தமானா ஒரு கடைசி தேதி, ஒரு அபராதப் பயம் குறையும். மீதி 1,15,000-த்தை 3.75 கார்டுல போடுங்க.

உசிலைக்காரன்:
எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு வங்கியிலிருந்தே பாதி கட்டினாப் போதும், முடிச்சுக்கலாம்னு சொன்னாங்களாம். நாகமலை அண்ணனும் கேட்டுப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
வேண்டாம். அது பல மாதம் கட்டாமல் நின்ற கணக்குக்குக் கொடுப்பது. சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், முழுதாக அடைத்ததாக வராது, பேசி முடித்ததாக வரும். நாளைக்குப் பெண்ணின் கல்விக்கடனுக்கு நீங்கள் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடும்போது அது எதிரே வந்து நிற்கும். வேலை போய், கட்டவே வழியில்லை என்பவர்களுக்கு அது கடைசிக் கதவு. அந்த நிலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ உங்களை அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் முன் அவமானப்படுத்தக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பயந்து மீட்டர் வட்டிக்காரரிடம் போய்விடாதீர்கள்.

நாகமலைவாசி:
எல்லாருக்கும் நன்றி. சீட்டு எடுத்தாச்சு, கணக்குப் போட்டதுக்கு ரொம்ப வித்தியாசம் இல்லை. மீதிக்கு நகைக்கடன், அவங்க பேர்ல. இடையில அசல் கட்டற வசதி உள்ள திட்டமாவே கேட்டு வாங்கினோம். மூணு கார்டும் பாக்கியில்லை. அம்மாகிட்ட நானே சொன்னேன். கொஞ்சம் வருத்தப்பட்டாங்க, பிறகு அவங்க வளையலையும் எடுத்துக் கொடுக்க வந்தாங்க, தேவைப்படலை.

ஆனா ஒரு சந்தேகம். பெரிய கார்டுக்கு பில் வந்து ரெண்டரை வாரம் கழிச்சு, பில்லுல இருந்த முழுத் தொகை 2,90,000-த்தையும் கட்டினேன். அடுத்த பில்லுல 7,400 சொச்சம்னு வந்து நிக்குது. ஒரு ரூபாய்க்குக்கூட எதுவும் வாங்கலை. ஏமாத்துறாங்களா?

கூடல்நகர் கணக்கர்:
இல்லை. பில் போட்ட தேதியிலிருந்து நீங்க கட்டின தேதி வரைக்கும் உள்ள வட்டி அது. 2,90,000-க்கு 3.75 வட்டியில ரெண்டரை வாரத்துக்கு 6,250 வரும், ஜிஎஸ்டி சேர்த்தா 7,400. சரியாத்தான் இருக்கு. அதைக் கட்டிருங்க, இதோட முடிஞ்சதுன்னு விட்டுராதீங்க. மத்த ரெண்டு கார்டுக்கும் இதே மாதிரி சின்னதா வரும். கவனிக்காம விட்டா அதுக்குத் தாமதக் கட்டணம் ஏறி சிபிலும் கெடும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
அடுத்த பில் பூஜ்யமாக வந்த பிறகு, இரண்டு கார்டுகளை மூடுங்கள், பழையதை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூடும் முன் அதிலிருந்து தானாகப் போகும் கட்டணங்கள், அதாவது மின்கட்டணம், போன், ஓடிடி சந்தா எல்லாவற்றையும் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூடச் சொல்வதை மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் இருக்கட்டும். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது.

ஆனையூர் அக்கா:
மூடின பிறகு சிபில்ல மாறிருச்சான்னு எப்படிப் பார்க்கறது சார்? என் தம்பிக்கும் சொல்லணும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் அம்மா, அவர்கள் இணையதளத்திலேயே எடுக்கலாம். கார்டு மூடி இரண்டு மாதம் கழித்து எடுத்தால் போதும். கணக்கு மூடப்பட்டது என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் இருக்க வேண்டும். வேறு மாதிரி இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள், வங்கி அனுப்பிய மூடல் மின்னஞ்சலையும் இணையுங்கள்.